ரொட்டி இருந்த இடம்

வண்டியிலிருந்து இறங்கியதும் ஸ்தாமேனா கூரையைப் பார்ப்பதில்லை. முட்டைக்கோஸைப் பார்க்கிறார். வீட்டுக்காரர்கள் அண்ணாந்து நின்று அங்கே இங்கே என்று கையை நீட்டிக்கொண்டிருக்க, அவர் தோட்டப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். அடுத்து நாய்க்கூண்டின் தகரம். அப்புறம் தேன்பெட்டி மூடி, தபால் பெட்டி, துணிக்கொடியில் மறந்துபோன பிளாஸ்டிக் கவ்விகள். கால் மணி நேரம் கழித்துத்தான் தலை மேலே போகும். "கூரை கடைசியா பேசட்டும். அதுக்குத்தான் வக்காலத்து வாங்க இத்தன பேரு நிக்கிறீங்களே" என்பார்.

எங்கள் இவாஞிட்சா மலைப்பக்கத்தில் ஆலங்கட்டி விழாத ஜூன் மாதம் கிடையாது. விழுந்த மறுவாரம் ஸ்தாமேனா வராத ஊரும் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர். வயது ஐம்பத்தெட்டு. ஆண்கள் போடுகிற மலையேறும் பூட்ஸ், கால்சட்டைக்கு மேலே ஒரு பாவாடை, அந்தப் பாவாடையில் தானே வைத்துத் தைத்த இரண்டு ஆழமான பைகள். ஒன்றில் அளவு நாடா, இன்னொன்றில் பள்ளிக்கூட சாக்பீஸ். அவருடைய வெள்ளைக் காரின் மேல்பாகம் முழுவதும் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். எப்போதோ நடுவழியில் புயலில் மாட்டிக்கொண்டது. தட்டி நேராக்கித் தருகிறோம் என்று கம்பெனியே சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். "நான் யாருன்னு ஊர் ஊரா போய்ச் சொல்லிக்கிட்டு நிக்க வேணாம் பாருங்க."

சாக்பீஸ் எதற்கென்று முதலில் யாருக்கும் புரியாது. தகரத்தின் மேல் அதைப் படுக்கைவாட்டில் வைத்து லேசாக இழுப்பார். தகரம் வெளுக்கும், பள்ளமான இடத்தில் மட்டும் சாக்பீஸ் படாது. கண்ணுக்கே தெரியாத அடிகள் எல்லாம் கறுப்பு வட்டங்களாக எழுந்து வரும். ஒன்றுமில்லாத தகரம் என்று நாம் நினைத்தது, மழை பெய்கிற குளம் மாதிரி ஆகிவிடும். நான் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் வாய் திறந்தபடிதான் நின்றேன்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒருவர் புயலுக்கு மறுநாள் சுத்தியலால் தன் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்குகிற தகரக் குழாயைத் தட்டி வைத்திருந்தாராம். ஸ்தாமேனா சாக்பீஸை இழுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாராம்: "அண்ணே, ஆலங்கட்டின்னா பட்டாணியும் வரும், வால்நட்டும் வரும். உங்க வீட்டுல மட்டும் எல்லாம் ஒரே சைஸ்ல வந்திருக்கு. அதுவும் உங்க கை எட்டுற உயரம் வரைக்கும். மேல ஏற பயந்துச்சோ?" அந்த ஆள் முதலில் சிரித்தார், பிறகு உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து தானே காட்டினார் என்கிறார்கள். அதே வாரம் இன்னொரு ஊரில், தன் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சாதித்த கிழவரிடம் அறுபது ஓடு விரிசல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். குளிர்காலத்தில் பனி ஏறியதும் அந்த அறுபதும் பிளந்திருக்கும். இவர் யார் பக்கம் என்று கம்பெனிக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை.

விரிசலை அவர் பார்ப்பதில்லை, கேட்கிறார். பத்தொன்பது வருஷம் ஓட்டுத் தொழிற்சாலையில் சூளை வாசலில் நின்றவர். வெளியே வருகிற ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு தட்டு. கணீர் என்றால் வலது பக்கம், பொத்தென்றால் இடது பக்கம். இப்போது தட்டுவதற்கு ஒரு கரண்டி. அதையும் கொண்டுவருவதில்லை. எங்கள் பக்கத்தில் வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு கரண்டி, சர்க்கரைப் பாகில் காய்ச்சிய பழமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் நீட்டுவது வழக்கம். ஸ்தாமேனா பழத்தைச் சாப்பிட்டு, தண்ணீரைக் குடித்து, கரண்டியை மட்டும் திருப்பிக் கொடுக்க மாட்டார். அதை நன்றாகத் துடைத்து எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார். வேலை முடிந்து இறங்கியபின் கரண்டி வீட்டுக்காரர் கையில் வந்து சேரும்.

போன ஜூன் மாதம் அவர் எங்கள் ஊர் யாசெனொவாவுக்கு வந்தது மிலாதின் மாமா வீட்டுக்காக. மிலாதின் எனக்கு ரத்த உறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சட்டம் படித்து, நகராட்சி அலுவலகத்தில் மேசை நாற்காலியோடு உட்கார்ந்திருப்பவன். அதனால் ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மிலாதின் மாமாவின் கிளைம் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். சேத விவரம் கேட்ட இடத்தில் தனித்தாள் வைத்து மூன்று பக்கம் எழுதினேன். வானம் பிளந்தது என்றெல்லாம் அதில் வரும்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆலங்கட்டி கொட்டியது. பத்து நிமிஷம். மிலாதின் வீட்டின் மேற்குச் சரிவு ஓடுகள் நொறுங்கி, படுக்கையறையிலிருந்து வானம் தெரிந்தது. அடுத்த நாள் இரவு பெருமழை என்று ரேடியோ சொன்னது. இங்கே ஒரு வீட்டுக்கு அடி விழுந்தால் ஊர் வேலைக்கு வரும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. மோபா என்போம். வெள்ளிக்கிழமை விடியும்போதே டிராக்டர்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு வீட்டிலும் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த உபரி ஓடுகளைக் கொண்டுவந்தார்கள். நானும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூரை முழுசாக இருந்தது. மழை வந்தது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அன்று எங்கள் ஊரைப் பற்றி எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பழுது பார்ப்பதற்கு முன் சேதத்தைக் கம்பெனி பார்வையிட வேண்டும், அல்லது படமாவது இருக்க வேண்டும் என்று பாலிசியில் எழுதியிருப்பதை நான் சனிக்கிழமைதான் படித்தேன்.

ஸ்தாமேனா வந்தது செவ்வாய்க்கிழமை. மிலாதினின் மனைவி கொசாரா அத்தை அவரை முற்றத்தின் ஓரத்தில் இருந்த கோடைச் சமையலறையில் உட்கார வைத்துப் பிளம் பாகு கொடுத்தார். சாப்பிட்டு, கரண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, ஸ்தாமேனா தோட்டத்துக்குப் போனார். முட்டைக்கோஸ் பாத்தி சீவிவிட்டது போல் மொட்டையாக இருந்தது. கிழிந்த இலையெல்லாம் பன்றிக்குப் போயிருந்தது. நாய்க்கூண்டுக்குப் புதுத் தகரம். நசுங்கிய தகரக் குழாயைப் பழைய இரும்புக்காரன் ஞாயிற்றுக்கிழமையே ஏற்றிக்கொண்டு போயிருந்தான். உடைந்த ஓடுகளையெல்லாம் பாதையின் சேற்றுப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் டிராக்டர் நாலு நாள் ஓடியிருந்தது. மேற்குச் சுவரோ பூசாத செங்கல். அதில் ஒன்றும் பதிவதில்லை. ஸ்தாமேனா இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கக்கா" என்றார்.

கொசாரா அத்தை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

படம் இருக்கிறதா என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டு போனை நீட்டினேன். பதினேழு படங்கள். உள்ளங்கையில் ஆலங்கட்டி, ஆலங்கட்டிக்குப் பக்கத்தில் கோழிமுட்டை, தட்டில் ஆலங்கட்டி, தராசில் ஆலங்கட்டி. ஊரில் எல்லோருடைய போனிலும் அதேதான் இருந்தது. கூரையை ஒருவரும் எடுக்கவில்லை. ஸ்தாமேனா பதினேழையும் பொறுமையாகத் தள்ளிப் பார்த்து முடித்தார்.

"கூரை எங்க போயிடப்போவுது, ஐஸ்தான கரையும்னு நெனச்சிட்டோம்" என்றார் மிலாதின் மாமா.

அந்தப் படங்களால் பயனில்லை என்று ஸ்தாமேனா விளக்கினார். எந்த முற்றத்தில் எடுத்தது என்று முட்டை சொல்லாது. வால்நட் இலை கிழிந்திருக்கிறதே என்று மாமா மரத்தைக் காட்டினார். இலை கிழியப் பட்டாணி அளவுக் கல் போதும், ஓடு உடையாது என்றார். பக்கத்திலேயே இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றும் கேட்டார். எல்லாவற்றையும்விட மோசமானது, வீட்டுக்குக் கீழே எண்பது அடி தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ராஸ்பெரி வரிசை. பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. ஒரு இலை விழவில்லை. ஆலங்கட்டிக்கு ஆறு மாதிரி கரை உண்டு, கரைக்கு இந்தப் பக்கம் அழிவு, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன் என்றார் ஸ்தாமேனா. ஆனால் ஆபீசில் உட்கார்ந்து ஃபைலைப் பார்க்கிறவர்கள் கரையைப் பார்த்ததில்லை.

பிறகு ஏணியில் ஏறினார். மேற்குச் சரிவு முழுக்க, கீழ் வரிசையிலிருந்து முகடு வரை, ஒவ்வொரு ஓடாகக் கரண்டியால் தட்டிக்கொண்டே போனார். கீழே நின்ற எங்களுக்கு ஒரு மணி நேரம் அந்தச் சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் மாமா பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கும் என்னவோ கோயிலில் நிற்பது மாதிரி இருந்தது. இறங்கி வந்தவர் மூச்சு வாங்கவில்லை.

"நானூத்திப் பன்னெண்டு ஓடு இரவல். பதினோரு வீட்டு ஓடு."

எண்ணிக்கை எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அதே இடத்தில் வருஷக்கணக்காக இருந்த ஓட்டில் பாசி ஒரே பக்கமாகப் படர்ந்திருக்கும்; வேறு இடத்திலிருந்து வந்ததில் பாசி தாறுமாறாகத் திரும்பியிருக்கும், தரையில் அடுக்கி வைத்த மண்கோடும் இருக்கும். எந்தச் சூளை, எந்த அச்சு என்பது அவருக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். மாமாவுக்கு அதில் சந்தேகமில்லை. எண்ணிக்கையில்தான் சந்தேகம்.

"பத்து வீடு மேடம். நான்தான கணக்கு வச்சிருக்கேன்."

"பதினொண்ணு. சிமினிக்குப் பக்கத்துல முப்பது ஓடு இருக்கு, முன்னால சிலுவ அச்சு போட்டது. அந்தச் சூளை ஓட்ட இந்த ஊர்ல யாரு போட்டிருக்கா?"

மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து ஒரு விரலில் நின்றுவிட்டார். சிலுவை அச்சு ஓடு ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. வேலித் தகராறில் ஆறு வருஷமாக மாமாவோடு முகம் கொடுத்துப் பேசாத ஒப்ராத்தின் வீடு. யாருடைய டிராக்டரிலோ போட்டு அனுப்பியிருக்கிறார். "அந்தக் கழுத சொல்லவே இல்ல பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் ஸ்தாமேனா அதோடு முடிக்கவில்லை. ஃபைலைத் திறந்தபடி வைத்துக்கொண்டு, மறைக்காமல் சொன்னார். "மாத்தினது தெரியுது. எத்தன மாத்துனீங்கன்னும் தெரியுது. எதனால மாத்துனீங்கன்னு கூரை சொல்லல. பழசாயிடுச்சுன்னு மாத்தியிருக்கலாம். நான் கண்ணால பாக்காதத எழுத மாட்டேன்."

கொசாரா அத்தை அந்த இரவல் ஓடுகளை இலையுதிர்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்றார். குளிர்காலத்தில் அவரவர் கூரைக்கு அவரவர் உபரி வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கூரையிலிருந்து கழற்றித்தான் தர வேண்டும். கெஞ்சவில்லை, விஷயத்தைச் சொன்னார். ஸ்தாமேனா தலையை ஆட்டினார். கரண்டியைக் கழுவி அத்தையின் கையில் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் சேர்த்து வைத்த மூன்று பக்கத்தையும் என் பட்டத்தையும் வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

காரை நோக்கி முற்றத்தின் குறுக்கே நடந்தவர், நடுவில் நின்றார். பின்னால் இரண்டு அடி வந்தார். குந்தி உட்கார்ந்தார்.

முற்றத்துப் புல் முழுவதும் ஆலங்கட்டி அடித்துச் சப்பையாகி, மஞ்சளாகி, அடியிலிருந்து புதிதாகக் குருத்து விட்டுக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் புல் பழைய உயரத்தில், நுனி கூட மடியாமல் நின்றது. நீள்சதுரமாக. நூல் பிடித்து வெட்டிய மாதிரி. அஞ்சு நாளாக நாங்கள் அதன் ஓரமாகத்தான் நடந்துகொண்டிருந்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஸ்தாமேனா விரலால் புல்லை விலக்கினார். நாலு மூலையிலும் மண்ணில் சதுரக் குழி.

"இங்க என்ன நின்னுச்சு?"

மாமா தெரியாது என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. ஆலங்கட்டி விழும்போது அவர் மேல்கொட்டகையில் ஆடுகளோடு இருந்தார். கொசாரா அத்தை கையில் இருந்த கரண்டியை ஏப்ரனில் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த கரண்டி.

ஸ்தாமேனா அதற்கு மேல் கேட்கவில்லை. நாடாவை எடுத்து அந்த நீள்சதுரத்தை அளந்தார். நேரே கோடைச் சமையலறைக்குப் போனார். காலையில் அவர் முழங்கையை ஊன்றிப் பழம் சாப்பிட்ட அதே மேசையை அளந்தார். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை ஒரு முனையில் பிடித்து மெதுவாகச் சுருட்டினார். அடியில் பைன் பலகை. பார்வைக்கு ஒன்றுமில்லை, பழைய சமையலறை மேசைக்கு இருக்கிற வெட்டும் கறையும்தான். மேசையை வாசல் வெளிச்சத்துக்கு இழுக்கச் சொன்னார். நானும் மாமாவும் இழுத்துப் போட்டோம். அவர் பையிலிருந்து ஒரு முழு சாக்பீஸை எடுத்துப் படுக்கைவாட்டில் வைத்தார்.

ஒவ்வொரு இழுப்புக்கும் பத்துப் பத்தாக வந்தன. பலகை வெளுக்க வெளுக்க, மர நிறத்தில் வட்டங்கள், கோழிமுட்டை அளவுக்கு, சில அதையும் விடப் பெரியவை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நீண்டிருந்தன. ஸ்தாமேனா மேசையை முற்றத்துக் குழிகளில் திரும்பப் பொருத்தி நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் அத்தனை வட்டங்களின் வால்களும் மேற்கை நோக்கி நின்றன. உடைந்த சரிவு பார்த்து நிற்கிற அதே திசை. வியாழக்கிழமை நாலு மணியின் வானம் அந்தப் பலகையில் அப்படியே விழுந்து கிடந்தது. மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஸ்தாமேனா பெரிய தாளை மேசைமேல் விரித்து, கறுப்பு மெழுகுக் குச்சியால் தேய்த்து அந்த அடிகளைப் பிரதி எடுத்தார். நாடா வைத்து அளந்தார். இந்தக் கல் இந்தப் பக்கமிருந்து வந்தால் முப்பது வருஷத்து ஓடு தாங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். எழுதிக்கொண்டே வந்த கை ஓர் இடத்தில் நின்றது.

மேசையின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. தட்டு அளவுக்கு ஒரு வட்டம். சுற்றி இத்தனை அடி, அதற்குள் ஒன்றுகூட இல்லை.

"இங்க என்னக்கா இருந்துச்சு?"

கொசாரா அத்தை கரண்டியை ஏப்ரன் பையில் போட்டார்.

"ரொட்டி" என்றார்.

எங்கள் மலையில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆலங்கட்டி மேகங்கள் வெள்ளை மாடுகள். அவற்றை மேய்க்கிறவர், ஊரில் கடைசியாகத் தண்ணீரில் மூழ்கிப் போனவர். கொட்டத் தொடங்கியதும் முற்றத்தில் மேசையைப் போட்டு, ரொட்டியும் உப்பும் வைத்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மாடுகளைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். பாதிரியாருக்கு இது பிடிக்காது. படித்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்திருக்கிறேன்.

"சன்னல மூட நேரமில்ல, மேச போட நேரமிருந்துச்சான்னு கேப்பீங்கன்னுதான் சொல்லல" என்றார் அத்தை. "ஒத்த ஆளா இழுத்துட்டு வந்தேன். ரொட்டிய வச்சேன். தலையில ஒரு அடி, தோள்ல ஒரு அடி. நின்னு கூப்புட்டேன்."

"யார?"

அத்தை ஸ்தாமேனாவைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார்.

"வீதோயேவ."

வீதோயே மாமாவின் தம்பி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் ஆடுகளைக் கரைசேர்க்கப் போய் மொராவிட்சா ஆற்றோடு போனவர். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் தண்ணீரில் போகவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஒவ்வொரு தடவையும் அவனத்தான் கூப்புடுறேன்" என்றார் அத்தை. "இந்தத் தடவ, வீட்டப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. வீட்ட நாம ஓடு போட்டு மூடிக்குவோம். கீழ இருக்குற ராஸ்பெரிய மட்டும் உட்டுருடான்னு கேட்டேன்."

எல்லோரும் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். வரிசை வரிசையாக, இலை அசைய நின்றது. மாமா வீட்டுக்குள் போனார்.

ஸ்தாமேனா ஃபைலைத் திரும்பத் திறந்தார். சேதம் உறுதி என்ற கட்டத்தில் குறிபோட்டுக் கையெழுத்திட்டார். நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். பிரதி எடுத்த தாளை மடித்துச் சேர்த்தார். அப்புறம் நான் நிரப்பிய பக்கங்களுக்குப் போனார். அதில் ஒரு கேள்வி உண்டு: சேதத்தைக் குறைக்கக் காப்பீடு செய்தவர் எடுத்த நடவடிக்கை என்ன? அழகான கையெழுத்தில் நான் எழுதியிருந்தேன்: எதுவுமில்லை.

அதை அவர் அடித்தார். மேலே, பெரிய எழுத்தில், யாரும் வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதினார். பேனா போகிற வேகத்துக்கு நான் வாசித்தேன். 'முற்றத்தில் மேசை போடப்பட்டது. ரொட்டி வைக்கப்பட்டது. வீதோயே அழைக்கப்பட்டார்.' அடுத்த கேள்வி, அதனால் காப்பாற்றப்பட்டது என்ன என்பது. ஸ்தாமேனா பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். ஓடையைத் தாண்டி இறங்கி, முதல் வரிசையில் ஓர் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அடுத்த வரிசையில் இன்னொன்று. திரும்ப ஏறி வந்து எழுதினார்: 'ராஸ்பெரி, முழுவதும். நேரில் பார்க்கப்பட்டது.'

ஆபீசில் சிரிக்கமாட்டார்களா என்று கேட்டேன்.

"நடந்துச்சா இல்லியா, தம்பி?"

நடந்தது என்றேன்.

"அப்ப எழுத வேண்டியதுதான."

மாமா வெளியே வந்தார். ஒரு தட்டில் நாலு சின்னக் கிளாஸ், ரக்கியா என்கிற பிளம் சாராயம். கண் சிவந்திருந்தது. முதல் கிளாஸை ஸ்தாமேனாவிடம் நீட்டினார். அவர் சாக்பீஸ் படிந்த விரல்களைப் பாவாடையில் துடைத்துவிட்டு அதை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நடந்து, குனிந்து, மேசையடியில் மடியாமல் நின்ற அந்தப் புல்லில், போனவர்களுக்கு விடுகிற முதல் மடக்கை மெதுவாக ஊற்றினார்.